தொண்ணூத்தொம்பது வெள்ளம் முதல் பெட்டிமுடி வரை: மூணாறு மலையில் உருள் ஏன் இறங்குகிறது?

மூணாறு எஸ்டேட்டுகளில் வயதானவர்களிடம் பழைய கதை கேட்டால், 'தொண்ணூத்தொம்பதுக்கு முந்தி', 'தொண்ணூத்தொம்பதுக்குப் பிந்தி' என்றுதான் காலத்தைப் பிரிப்பார்கள். புதிதாக வருகிறவர் 1999 என்று நினைத்துக்கொண்டு தலையாட்டுவார். அது கொல்லம் ஆண்டு 1099. ஆங்கிலக் கணக்கில் 1924 ஜூலை. கர்க்கடகம் பிறந்த கையோடு, அதாவது நம் ஆடி முதல் தேதியை ஒட்டி, கொட்டிய மழை அது. மலையாளிகளும் அதைத் 'தொண்ணூற்றொன்பதிலெ வெள்ளப்பொக்கம்' என்றே சொல்கிறார்கள். நெல்லை, கன்னியாகுமரிப் பக்கம் கொல்லம் ஆண்டு ஏற்கெனவே புழக்கத்தில் இருந்ததால், அங்கிருந்து மலையேறிய தமிழர்களுக்கு இந்தக் கணக்கு புதிதாகத் தெரிந்திருக்காது. பாட்டி சொல்லிப் பேரன் கேட்டு, வெள்ளத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் யாரும் இல்லாத காலத்திலும் அந்த எண் நிலைத்துவிட்டது.

இடுக்கி மாவட்டம், பேரிடர் என்று ஒரே மூச்சில் சொன்னால் தமிழ்நாட்டில் எல்லாருக்கும் முல்லைப்பெரியாறுதான் நினைவுக்கு வரும். 1895இல் கட்டிய அணை, 142 அடி, உச்ச நீதிமன்றம் என்று பேச்சு அங்கேயே சுற்றும். அந்த அணையால் இதுவரை ஊர் எதுவும் அழிந்ததில்லை. ஆனால் அணைச் சண்டையில் யாருடைய காதிலும் விழாமல், அதே மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில் நூறு ஆண்டுகளாக மலை இறங்கி வந்து ஆட்களைக் கொன்றுகொண்டிருக்கிறது. அதைத்தான் அங்கே உருள் என்கிறார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசுகிறவர்கள். இந்தக் கட்டுரை அவர்கள் குடியிருக்கும் மலையைப் பற்றியது.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை ஆகிய மூன்று ஆறுகளும் சேரும் இடம்தான் மூணாறு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். வடக்கே, இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள், 2,695 மீட்டர் உயரத்தில் ஆனைமுடி. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து அள்ளிக்கொண்டு வரும் ஈரத்தை முதலில் முட்டி நிறுத்துவது இந்த மலைச்சுவர்தான். காற்று மேலே ஏறும், குளிரும், சுமந்து வந்ததை அங்கேயே இறக்கிவிட்டுப் போகும். கிழக்கே டாப் ஸ்டேஷன் விளிம்பில் நின்று கீழே பார்த்தால் போடிநாயக்கனூர் சமவெளி வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். முதுகுப் பக்கம் மழை, முகத்துக்கு நேரே வெயில். ஆடி மாதத்தில் அங்கே போனவர்களுக்குத் தெரியும்.

இந்த விளிம்புக்கு இன்னொரு முகமும் உண்டு. 2018 மார்ச் 11 அன்று போடிப் பக்கம் குரங்கணி மலைச்சரிவில் காட்டுத்தீ பரவி, மலையேற்றத்துக்கு வந்தவர்களில் 23 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் மலையின் மறுபுறம் மூணாறு வெள்ளத்தில் துண்டிக்கப்பட்டது. இடையில் ஐந்து மாதம்தான். கிழக்குச் சரிவுக்குக் கோடையில் தீ, மேற்குச் சரிவுக்கு ஆடி ஆவணியில் தண்ணீர். இரண்டு மாநிலங்கள் இரண்டு தனிக் கோப்புகளில் எழுதி வைத்திருக்கின்றன, மலை என்னவோ ஒன்றுதான்.

சரி, 1924க்கு வருவோம். ஜூலை 16 முதல் 18 வரை அடித்த அந்த மழையின் மையம் மூணாறை அடுத்த தேவிகுளம். மத்திய நீர் ஆணையம் 2018 வெள்ளத்துக்குப் பிறகு பழைய மழையோடு ஒப்பிட்டு ஆராய்ந்தபோது எடுத்துக் காட்டிய கணக்கு இது: தேவிகுளத்தில் ஒரு நாளில் 484 மி.மீ., இரண்டு நாளில் 751 மி.மீ., மூன்று நாளில் 897 மி.மீ. மதுரைக்கு ஓர் ஆண்டு முழுக்கக் கிடைக்கும் மழையே ஏறக்குறைய அவ்வளவுதான். மில்லிமீட்டர் என்றால் சின்னதாகத் தெரிகிறது. ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். 15 லிட்டர் குடத்தால் கணக்குப் போட்டால், வாசலில் கோலம் போடுகிற அளவு இடத்தில் மூன்று நாளில் 60 குடம் ஊற்றியதற்குச் சமம். மலை முழுக்க அப்படி.

இந்தத் தண்ணீர் நேராக ஓடிப் போயிருந்தாலாவது பரவாயில்லை. மாட்டுப்பட்டிப் பக்கம் மேலிருந்து சரிந்த மண்ணும் வேரோடு வந்த மரங்களும் இரண்டு குன்றுகளுக்கு நடுவே அடைத்துக்கொண்டு தானாகவே ஓர் அணை உருவானது என்பார்கள். பின்னால் தண்ணீர் ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் அடைப்பு உடைந்தது. மொத்தமும் மூணாறு ஊருக்குள் பாய்ந்தது. பிற்பாடு 1953இல் அதே மாட்டுப்பட்டியில் கான்கிரீட் அணை கட்டினார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் படகு சவாரி போகிற ஏரி அது.

அந்த வெள்ளம் கொண்டுபோனவற்றில் ஒரு ரயிலும் உண்டு. சொன்னால் மூணாறில் பிறந்த இன்றைய பிள்ளைகளே நம்ப மாட்டார்கள். 1902இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளம் போட்டு மாடு கட்டி வண்டி இழுத்தார்கள். 1908இல் அதை இரண்டடி அகலக் குறும்பாதையாக மாற்றி நீராவி எஞ்சின் ஓட்டினார்கள். குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் என்று பெயர். தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் போகும், அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கீழே கொட்டக்குடிக்கு இறங்கும், அப்புறம் மாட்டுவண்டியில் போடி. ஆக மூணாறுத் தேயிலைக்கு வெளியுலக வாசல் அன்று தமிழ்நாட்டுப் பக்கம்தான் இருந்தது. ஆட்கள் மேலே வந்த வழியும் அதுவே. 1924இல் தண்டவாளமும் பாலங்களும் அடித்துப் போயின. ரயிலை மறுபடி போடவே இல்லை. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் மிச்சம். ஸ்டேஷன் எங்கே என்று இன்றும் யாராவது தேடுவார்கள்.

மேற்கே கொச்சிப் பக்கம் போகும் சாலைக்கும் அதே கதிதான். கோதமங்கலத்திலிருந்து பூயங்குட்டி, மாங்குளம் வழியாக வந்த பழைய ராஜபாதை மலையோடு சரிந்து போனது. அதைச் செப்பனிடுவதை விட்டுவிட்டு நேரியமங்கலம், அடிமாலி வழியாகப் புதிய சாலை போட்டு 1931இல் திறந்தார்கள். இன்று கொச்சியிலிருந்து மூணாறு போகிற பேருந்தெல்லாம் ஓடும் சாலை அதுதான். ஓர் உருள், ஊருக்குப் போகும் வழியையே வேறு திசைக்கு மாற்றிவிட்டது.

அந்த வருஷத்து ஆடி கேரளத்தோடு நின்றுவிடவும் இல்லை. காவிரியிலும் 1924 வெள்ளம்தான் பேர்பெற்றது. மேட்டூர் அணைக்கு உபரிநீர்ப் போக்கியை வடிவமைத்தபோது அளவுகோலாக வைத்துக்கொண்டது அந்த ஆண்டு வந்த வினாடிக்கு நாலரை லட்சம் கன அடிக்கும் மேலான வெள்ளத்தைத்தான். காவிரிக் கரையில் அந்த வெள்ளத்திலிருந்து ஓர் அளவு எடுத்து அடுத்த அணையைக் கட்டினார்கள். மூணாறில் எடுத்த பாடம் சாலைக்குத்தான் போய்ச் சேர்ந்தது, குடியிருப்புக்கு வரவில்லை. 2020இல் உருள் விழுந்த பெட்டிமுடி எஸ்டேட் குடியிருப்பில் நடந்ததைப் புரிந்துகொள்ள இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உருள் என்று சொல்லிக்கொண்டே வருகிறேன். மலையாளத்தில் உருள்பொட்டல். மூணாறுத் தமிழில் 'உருள் பொட்டிருச்சு' என்பார்கள். பத்திரிகைத் தமிழ் இதற்கு நிலச்சரிவு, மண்சரிவு என்று எழுதுகிறது. எனக்கு அந்தச் சொற்கள் போதவில்லை. சாலையோரத்தில் வெட்டிவிட்ட மண்சுவர் பொத்தென்று விழுவது மண்சரிவு. அதை ஜேசிபி வைத்து மத்தியானத்துக்குள் அள்ளிவிடலாம். உருள் என்பது வேறு. மேலே எங்கோ ஓரிடத்தில் மண் வெடித்துக் கிளம்பி, தண்ணீரோடு குழைந்து, பாறைகளை உருட்டிக்கொண்டு, ஓடைத் தடத்தைப் பிடித்து, வழியில் கிடைத்த மண்ணையும் மரத்தையும் சேர்த்துக்கொண்டு, கிளம்பிய அளவைப் போலப் பல மடங்காகிக் கீழே வந்து நிற்பது. வெடிப்பதும் உருள்வதும் அந்தப் பெயரிலேயே இருக்கின்றன. அது எங்கே கிளம்புகிறது என்பதைவிட எந்தத் தடத்தில் வருகிறது என்பதுதான் கீழே குடியிருப்பவருக்கு முக்கியம்.

ஏன் வெடிக்கிறது? இந்த மலைகளின் உடம்பு கோடிக்கணக்கான ஆண்டு பழைய கெட்டிப் பாறை. அதன்மேல் போர்வை மாதிரி மண். மேட்டில் அது மெல்லியது. ஆனால் மலைமடிப்புகளில், ஓடை பிறக்கிற குழிவுகளில், மேலிருந்து காலங்காலமாக வழிந்து வந்த மண்ணும் கல்லும் சேர்ந்து தடித்துக் கிடக்கும். மழை பெய்யும்போது மண் முதலில் குடிக்கிறது. ஜூன், ஜூலை முழுக்கக் குடித்துக் குடித்து நிறைந்துவிட்ட மண்ணில் ஆகஸ்ட் முதல் வாரம் திடீரென்று பெருமழை அடித்தால், தண்ணீர் பாறை வரை இறங்கி, அதற்கு மேல் போக வழியில்லாமல் மண்ணைக் கீழிருந்து தூக்குகிறது. மண் தன் எடையால் பாறையை அழுத்திப் பிடித்திருந்த பிடி தளர்கிறது. சரிவு செங்குத்தாக இருந்தால் மீதியை ஈர்ப்பு விசை பார்த்துக்கொள்ளும். கேரளத்தின் சில இடங்களில் மண்ணுக்கு அடியிலேயே தண்ணீர் குழாய் மாதிரி பொந்து குடைந்துகொண்டு ஓடுவதையும் புவியியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மேலே புல் பச்சையாகத்தான் இருக்கும். அடியில் ஒன்றும் இருக்காது.

ஆகஸ்ட் முதல் பாதி ஏன் இப்படிப் பொல்லாததாக இருக்கிறது என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. 2019இல் வயநாட்டின் புத்துமலையும் மலப்புரத்தின் கவளப்பாறையும் ஆகஸ்ட் 8. பெட்டிமுடி ஆகஸ்ட் 6. வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை 2024 ஜூலை 30. கிட்டத்தட்ட ஒரே வாரம். மண் நிறைந்து முடிகிற வாரம் அது.

தேயிலைதான் காரணம் என்று சொல்லிவிடுவது சுலபம். சுற்றுலா வந்துவிட்டுப் போகிறவர்கள் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். காட்டை அழித்துத்தான் தேயிலை போட்டார்கள், உண்மை. 1877இல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் குத்தகைக்கு எடுத்ததில் தொடங்கியது அந்தக் கதை. ஆனால் 2020இல் பெட்டிமுடியில் மண் வெடித்தது தேயிலைக்குள் இல்லை. மேலே இரவிகுளம் பூங்காப் பகுதியில், புல்வெளியும் சோலையுமாக, யாரும் மண்வெட்டி வைக்காத நிலத்தில். அடர்த்தியாகப் படர்ந்த தேயிலைச் செடி மண்ணை ஓரளவு மூடியே வைத்திருக்கிறது. மனிதக் கை வெளிப்படையாகத் தெரிகிற இடம் வேண்டுமானால் கேப் ரோடு பக்கம் போய்ப் பார்க்கலாம். கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்த மலையின் அடியை வெட்டிய பிறகு 2019இலும் 2020இலும் அங்கே பாறைகள் திரும்பத் திரும்ப இறங்கி, சாலை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது.

ஆக, பெட்டிமுடியில் மலை வெடித்தது இயற்கை. அது வெடித்த தடத்தில் எண்பத்திரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தது இயற்கை இல்லை. அங்கேதான் எனக்குச் சொல்ல விஷயம் இருக்கிறது.

எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக. ஒரே நீளக் கட்டடம். அதை எட்டோ பத்தோ வீடாகத் தடுத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் முன்னால் ஒரு குட்டித் திண்ணை, ஓர் அறை, பின்னால் புகை படிந்த சமையல்கட்டு. மேலே தகரம். மழை பிடித்தால் தகரத்தில் விழும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. டிவியை நிறுத்திவிடுவார்கள், வைத்தும் பயனில்லை. பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் கேட்கிற மெல்லிய சுவர், ஆனால் மழை ராத்திரியில் அவர் கூப்பிட்டாலும் கேட்காது. பின்பக்கம் வாழை, சேம்பு, ஒரு மாட்டுக்கொட்டகை. அதைத் தாண்டினால் ஓடை.

அந்த ஓடை ஏன் எப்போதும் பின்பக்கம் இருக்கிறது? நூறு வருஷத்துக்கு முன் மலையில் கட்டடம் கட்ட இரண்டு வேண்டும்: கொஞ்சம் சமதளம், பக்கத்தில் தண்ணீர். செங்குத்தான மலையில் சமதளம் எங்கே கிடைக்கும்? ஓடை ஏற்கெனவே கொண்டுவந்து கொட்டி நிரவி வைத்த இடத்தில்தான். அதாவது பழைய உருள் வந்து நின்ற இடம். மலையடியில் தட்டையாக, கையகலம் நிலம், நடுவே பெரிய பெரிய உருண்டைப் பாறைகள் கிடந்தால், அவை அங்கே முளைத்தவை இல்லை. எப்போதோ மேலிருந்து வந்தவை. துரை பங்களாக்கள் எங்கே இருக்கின்றன என்றும் பாருங்கள். பெரும்பாலும் மேட்டில், முகட்டில், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி. காற்றுக்காகவும் காட்சிக்காகவும் தேர்ந்தெடுத்த இடம்தான், உருளுக்குப் பயந்து இல்லை. ஆனால் பலன் ஒன்றே. தண்ணீர் வசதிக்காகத் தொழிலாளியைத் தடத்தில் வைத்தார்கள், காட்சிக்காகத் தங்களை மேட்டில் வைத்துக்கொண்டார்கள்.

அப்புறம் காலம் போனது. கம்பெனி கைமாறியது. லயம் அங்கேயே இருந்தது. வீடு தொழிலாளிக்குச் சொந்தமில்லை, வேலை இருக்கும்வரை கம்பெனி கொடுப்பது. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். அதனாலேயே பல குடும்பங்களில் அம்மா ஓய்வு பெறும்போது மகளோ மருமகளோ பெயர் பதிந்து கொழுந்து கிள்ளப் போவார்கள், சம்பளத்துக்காக மட்டுமில்லை, அந்த ஓர் அறை கைவிட்டுப் போகாமலிருக்க. 2015 செப்டம்பரில் மூணாறுப் பெண் தொழிலாளர்கள் தொழிற்சங்கத் தலைவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தாங்களே சாலையில் உட்கார்ந்தபோது, 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் கேட்டது போனஸும் கூலியும்தான். ஆனால் அந்தப் போராட்டத்தின் புண்ணியத்தில்தான் கேரளத்தின் மற்றப் பகுதிகளில் பலர் லயத்தின் உட்புறத்தை முதன்முதலாகத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். நிலம் சொந்தமில்லாதவர், எந்தச் சரிவில் குடியிருப்பது என்று தேர்ந்தெடுக்க முடியாது. ஓடைப் பக்கம் பயமாக இருக்கிறது என்று வேறு மேட்டுக்குக் குடிபோக, அந்த மேடும் அதே கம்பெனி நிலம்தான்.

2018 ஆகஸ்டில் முன்னறிவிப்பு மாதிரி ஒன்று வந்துபோனது. ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 19 வரை கேரளத்தில் வழக்கத்தைவிட 42 சதவீதம் கூடுதல் மழை. இடுக்கியின் செறுதோணி மதகுகள் 26 ஆண்டுக்குப் பிறகு திறந்தன. உலகம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இடுக்கி மாவட்டத்து மலைகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் மண் இறங்கியிருந்தது. மூணாறு அரசுக் கல்லூரிக் கட்டடம் சரிந்தது. அது பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குறிஞ்சி பூக்கிற ஆண்டு. பார்க்க வர வழியில்லை. மூணாறிலிருந்து மறையூர்ப் பக்கம் போகும் சாலையில் பெரியவாரைப் பாலம் உடைந்தது. அதற்குப் பதிலாகத் தற்காலிகப் பாலம் ஒன்று போட்டார்கள். தற்காலிகம் என்றால் நம் ஊரில் எத்தனை நாள் என்று உங்களுக்கே தெரியும்.

2020 ஆகஸ்ட் 6, வியாழக்கிழமை. ராஜமலைக்கு அப்பால், நயமக்காடு எஸ்டேட்டின் பெட்டிமுடி டிவிஷன். நாலு லயம். அன்று 24 மணி நேரத்தில் அங்கே பெய்தது 600 மி.மீ.க்கு மேல். வானிலைத் துறையின் கணக்கில் ஒரு நாளில் 204.4 மி.மீ.யைத் தாண்டினாலே அதிகனமழை. அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. பழைய கணக்கில் வாசலுக்கு நாற்பது குடம், ஒரே நாளில். இரவு பத்தே முக்கால் வாக்கில் மேலே வெடித்த உருள், ஓடைத் தடத்தில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் இறங்கி லயங்களின்மேல் விழுந்தது.

மின்சாரம் நாலைந்து நாளாகவே இல்லை. செல்போன் கோபுரம் செத்துக் கிடந்தது. தப்பித்தவர்களால் யாரையும் கூப்பிட முடியவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்த பிறகே செய்தி வெளியே வந்தது. மீட்புப் படை கிளம்பினால், பெரியவாரையில் அந்தத் தற்காலிகப் பாலம் மழையில் போயிருந்தது. 2018இல் உடைந்த பாலத்துக்கு 2020இலும் முழுதாக மாற்று வந்து சேரவில்லை. ஒரு பேரிடருக்கும் அடுத்ததற்கும் இடையில் என்ன செய்தோம் என்று கேட்டால் பதிலாக அந்த ஒரு பாலத்தைக் காட்டலாம்.

82 பேரில் 12 பேர் பிழைத்தார்கள். 66 உடல்கள் கிடைத்தன, நாலு பேர் கிடைக்கவே இல்லை. சில உடல்கள் ஆற்றோடு பல கிலோமீட்டர் கீழே போய்க் காட்டுக்குள் கிடைத்தன. வீட்டுக் குழந்தையைத் தேடிக் கண்டுபிடித்த குவி என்ற நாய் எல்லாத் தொலைக்காட்சியிலும் வந்தது. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் நாயைப் பற்றி எழுதிய அளவுக்கு அந்தச் செல்போன் கோபுரத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை.

இறந்தவர்களில் பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு. மூணாறுத் தமிழர்களிடம் 'ஊர் எது?' என்று கேட்டால் மூன்று தலைமுறை மலையில் பிறந்தவர்கூடக் கயத்தாறு, சங்கரன்கோவில் என்றுதான் சொல்வார். ஓய்வுக்குப் பிறகு போய்ச் சேர அங்கே ஒரு துண்டு மனை, பாதி எழும்பிய சுவர் இருக்கும். பெட்டிமுடியில் போனவர்களைக் கயத்தாறுக்குக் கொண்டுபோக முடியவில்லை. ராஜமலையிலேயே ஜேசிபி தோண்டிய நீளக் குழிகளில் வரிசையாக அடக்கம் செய்தார்கள். கயத்தாறிலிருந்து வந்த உறவினர்கள், கொரோனா காலம் வேறு, எல்லையில் பாஸ் வாங்கித்தான் ஏறி வர வேண்டியிருந்தது.

மறுநாள், ஆகஸ்ட் 7 சாயங்காலம், கோழிக்கோடு விமான நிலையத்தில் விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்தது. விமான விபத்தில் இறந்தவர்களுக்குக் கேரள அரசு 10 லட்சம் அறிவித்தது, பெட்டிமுடிக்கு 5 லட்சம். இரண்டுக்கும் விதிமுறை வேறு வேறு என்று விளக்கம் சொல்லலாம். மூணாறு டீக்கடைகளில் அந்த விளக்கம் எடுபடவில்லை. பாதிக்கு மேல் நாங்கள் இல்லையா என்றுதான் கேட்டார்கள். பிழைத்த குடும்பங்களுக்குக் குற்றியார்வாலி என்ற இடத்தில் எட்டு வீடு கட்டிக் கொடுத்தார்கள். பேரிடருக்கு முன் அல்ல, பின்பு, எட்டுக் குடும்பத்துக்கு.

நாலு வருஷம் கழித்து வயநாடு. முண்டக்கையிலும் சூரல்மலையிலும் 250 பேருக்கு மேல் பலி. அங்கே லயத்துக்குப் 'பாடி' என்று பெயர். மேலே காட்டில் வெடித்தது, ஆற்றுத் தடத்தைப் பிடித்தது, நள்ளிரவுக்கு மேல் தூங்குகிறவர்கள்மேல் விழுந்தது. பெட்டிமுடி அறிக்கையில் ஊர்ப் பெயரையும் எண்ணிக்கையையும் மாற்றினால் போதும் போலிருந்தது.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழியே இல்லையா? இருக்கிறது, மூணாறிலேயே இருக்கிறது. 2005 ஜூலையில் மண் இறங்கி உயிர்களைக் குடித்த அந்தோணியார் காலனியில், அமிர்தா பல்கலைக்கழகத்தார் சில ஆண்டுக்குள் மண்ணுக்குள் உணர்கருவிகளைப் புதைத்தார்கள். மண்ணின் ஈரம், நீரழுத்தம், நுண்ணிய அசைவு எல்லாவற்றையும் கம்பியில்லாமல் அனுப்பும் அமைப்பு. நன்றாக வேலை செய்கிறது என்கிறார்கள். நல்லது. ஆனால் அது ஒரு சரிவு. இந்த மலையில் ஓடைப் பக்கம் லயம் உள்ள சரிவுகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், கருவிக்கு முன்னால் செய்யவேண்டிய வேலை கண்ணில் படும். எந்த லயம் பழைய உருள் தடத்தில் நிற்கிறது என்று பார்க்கக் கருவி வேண்டாம், மழை இல்லாத மாசியில் ஒரு புவியியலாளர் நடந்து போனால் போதும்.

எஸ்டேட் ஆபீஸ்களில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே ஒரு மழைமானி இருக்கும். காலையில் கிளார்க் வந்து அளந்து, இஞ்சும் சென்ட்டுமாக எழுதி வைப்பார். கொழுந்து எவ்வளவு வரும் என்று கணக்குப் போட வேண்டுமே. நூறு வருஷத்து மழை, டிவிஷன் வாரியாக, நோட்டில் இருக்கிறது. மூன்று நாளில் இத்தனை இஞ்சைத் தாண்டினால் இன்ன லயத்தைக் காலி செய் என்று அந்த நோட்டை வைத்தே ஒரு விதி எழுதிவிடலாம்.

லயத்துப் பாட்டிமாரிடம் ஒரு விதி ஏற்கெனவே இருக்கிறது. மழை குறையாமல் ஓடைச் சத்தம் மட்டும் திடீரென்று குறைந்தால், சோற்றுச் சட்டியை விட்டுவிட்டு மேட்டுக்கு ஓடு. மேலே எங்கோ அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். தண்ணீர் செம்மண் குழம்பாக வந்தாலும், மரம் முறிகிற சத்தம் கேட்டாலும் அப்படியே. 1924இல் மாட்டுப்பட்டியில் நடந்ததன் சுருக்கம் அது. அறிவியலும் அதையேதான் சொல்கிறது. சிக்கல் என்னவென்றால், ராத்திரி தகர மழையில் ஓடைச் சத்தம் கூடியதா குறைந்ததா என்று யாருக்கும் கேட்காது.

என் அத்தை இன்னும் வேலையில் இருக்கிறார். ஓய்வுக்கு இரண்டு வருஷம் பாக்கி. போன ஆடியில் போயிருந்தபோது கதவுக்குப் பக்கத்து ஆணியில் ஒரு ரெக்சின் பை தொங்கியது. ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் பாஸ்புக், மாமாவின் போட்டோ, ஒரு டார்ச். பெட்டிமுடிக்குப் பிறகு அந்த வரிசையில் எல்லா வீட்டிலும் ஆடி பிறந்தால் இப்படி ஒரு பை தொங்குகிறதாம்.

"ராத்திரி பொட்டிச்சுன்னா எங்க போவீங்க அத்தை?"

"பள்ளிக்கூடத்துக்குத்தான் போகச் சொல்லியிருக்காங்கய்யா."

"அது எங்க இருக்கு?"

கையை நீட்டிக் காட்டினார். லயத்தை ஒட்டி, ஓடையின் அக்கரையில் இருந்தது.